உக்கடமும் சூலூரும்

பிப்ரவரி 3, செவ்வாய்

முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "என்னைக்கு வேணும்?" என்று வந்து விழுந்தது. இந்த வாயை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்?

செல்வினுக்கு அதுவே போதுமாக இருந்தது. "இருபதாம் தேதி. உங்கள விட்டா வேற யார்ட்ட குடுக்க, வல்லிக்கா?" என்றான். எனக்கு மேலதிகாரி, என்னைவிடப் பதினோரு வயது இளையவன், திருநெல்வேலிக்காரன். நல்ல பையன். அதுதான் தொல்லை. கெட்டவனாக இருந்திருந்தால் அங்கேயே ஒரு பிடி பிடித்திருப்பேன்.

சாப்பிடும்போது கருணாகரன் "என்னம்மிணி, மூஞ்சி ஒரு மாதிரி இருக்குது?" என்று கேட்டார். பம்ப் செட் கம்பெனியில் இருபத்தாறு வருடமாக மோட்டார்களைச் சோதித்து முத்திரை குத்துகிறவர். என் வேலையை அவருக்கு விளக்கி விளக்கி எனக்கு ஒரு பாடமே மனப்பாடம் ஆகிவிட்டது.

"எங்க நெட்வொர்க் தளத்த ஒரு பெரிய பஸ் ஸ்டாண்டுன்னு வெச்சுக்கங்க. ஒவ்வொரு சர்வீசும் ஒரு பஸ். தனித்தனி கன்டெய்னர்ல, ஒரு பெட்டி மாதிரி, ஓடும். எந்த ஆளு எந்த பஸ்ல ஏறணும்னு சொல்ற டைம் கீப்பர்தான் தளம்."

"அதான் எல்லாத்துக்கும் ஊர்ப் பேரு வெச்சிருக்கீங்களா?"

அதேதான். எங்கள் டீமில் சர்வீசுகளுக்கு ஊர்ப் பெயர்தான். சிங்காநல்லூர் புது இணைப்பு கொடுக்கும், காந்திபுரம் பில் போடும். உக்கடம் என்று ஒன்று இருக்கிறது. பிரதானக் கேபிள் அறுந்தால் அழைப்புகளை மாற்று வழிக்குத் திருப்பிவிடுவது அதன் வேலை. எட்டு வருடப் பழசு. எழுதியவர்கள் யாரும் இப்போது கம்பெனியில் இல்லை. அது இருபதாம் தேதி நிறுத்தப்படுகிறது. அதற்குள் அதே வேலையைச் செய்யும் புது சர்வீசை நான் எழுதித் தளத்தில் ஏற்ற வேண்டும். பெயர் சூலூர்.

இதை நம்பி இருப்பது பொள்ளாச்சி ரோட்டில் ஓர் அறக்கட்டளை நடத்தும் ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறை. மூன்று தாலுகாவில் யார் ஆம்புலன்சுக்குக் கூப்பிட்டாலும் அங்கேதான் மணி அடிக்கும். கேபிள் அறுந்து, திருப்பிவிட ஆளில்லை என்றால் அடிக்காது.

போன ஜூனில் அடிக்கவில்லை. உக்கடத்தில் ஓர் அமைப்பை நான் மாற்றினேன். மறுநாள் எங்கேயோ ஒரு ஜேசிபி கேபிளை அறுத்தது. உக்கடம் அசையவில்லை. நாற்பத்தொரு நிமிடம்.

எழுதியாயிற்று. இனி இந்த நோட்டில் அதைப் பற்றிப் பேச்சு கிடையாது.

பிப்ரவரி 4, புதன்

வீட்டிலிருந்து வேலை. வெறும் தாளில் ஆரம்பிக்கும் வழக்கம் எங்கள் டீமிலேயே இல்லை. பழைய சர்வீசின் ஃபோல்டரை அப்படியே நகல் எடுத்து, பெயரை மாற்றி, உள்ளே இருக்கும் சமாசாரத்தைப் புதிதாக எழுதுவோம். எல்லோரும் அப்படித்தான். தளத்துக்கு ஒரு சர்வீசை அறிமுகப்படுத்த நாற்பது ஃபைல் வேண்டியிருக்கிறது, அதை முதலிலிருந்து யார் எழுதுவது?

உக்கடம் என்று வரும் இடத்தையெல்லாம் சூலூர் என்று மாற்றினேன். ஒரே தட்டில் எல்லாவற்றையும் மாற்றும் வசதி இருக்கிறது. அது எனக்கு ஆகாது. கையாலேயே ஒவ்வொன்றாக மாற்றினேன். கருமமே கண்ணாக இருந்தேன் என்று எழுதலாம்தான், ஆனால் நடுவில் வாஷிங் மெஷின் மெக்கானிக் வந்துவிட்டார்.

"மேடம், இந்த டார்ச்ச கொஞ்சம் புடிங்க. பெல்ட்டு போயிருச்சுங், வேற ஒண்ணுமில்ல."

முக்கால் மணி நேரம் அவருக்கு வெளிச்சம் காட்டினேன். அவர் போனதும் எந்த ஃபைலில் விட்டேன் என்று தேடி மறுபடி ஆரம்பித்தேன்.

பிப்ரவரி 5, வியாழன்

தண்ணீர் வந்தது. எட்டு நாளுக்குப் பிறகு. மற்றதெல்லாம் அப்புறம்.

பிப்ரவரி 6, வெள்ளி

நகல் எடுத்த ஃபைல்களைச் செல்வின் பார்த்துச் சரி என்றான். சூலூரைச் சோதனைத் தளத்தில், அங்கே ஏற்கெனவே ஓடும் உக்கடத்துக்குப் பக்கத்திலேயே, ஏற்றினேன். மூன்று பிரதிகள். தளம் ஒவ்வொன்றையும் "இருக்கியா?" என்று கேட்கும், அது "இருக்கேன்" என்று சொன்னால் பெயருக்கு எதிரே பச்சை விளக்கு. மூன்றும் பச்சை.

இத்ரீஸ் சோதனையை ஆரம்பித்துவிட்டார். எங்கள் டீமில் குறை கண்டுபிடிப்பதற்கென்றே சம்பளம் வாங்கும் ஒரே ஆள். கரும்புக்கடைக்காரர். சோதனைத் தளத்தில் கேபிள் அறுந்தது போலச் செய்து, அழைப்பு மாற்று வழிக்குப் போகிறதா என்று பார்ப்பார். அறுபத்து நான்கு வகையில் அறுப்பார்.

அறுபத்து நான்கும் தேறின. முதல் நாளே.

"மாஷா அல்லாஹ். பத்து வருசத்துல இப்படி நான் பாத்ததில்லீங்கக்கா" என்றார். திருஷ்டி படும் என்று வாய்வரை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

பிப்ரவரி 9, திங்கள்

கட்டுப்பாட்டு அறைக்கு ஒரு நடை போய், மாற்றப்போகும் முறையை விளக்கிவிட்டு வர வேண்டுமாம். இத்ரீஸை அனுப்பினேன். எனக்கு நேரமில்லை.

மதியம் ஒரு மணி நேரம் கேன்டீனில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டேன். சுண்டல் வேகவில்லை. கேன்டீன்காரரிடம் சத்தம் போட்டேன். பாவம் அவர்.

பிப்ரவரி 11, புதன்

ஆறாவது நாள். அறுபத்து நான்கும் தேர்ச்சி. சூலூரின் லாகைத் திறந்து பார்த்தேன். ஒரு சர்வீஸ் தான் செய்வதையெல்லாம் எழுதி வைக்கும் இடம் அது. ஆரம்பித்த நாளன்று எழுதிய நாலு வரி இருந்தது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. பிழைகளை மட்டும் எழுதச் சொல்லி வைத்தோம் போலிருக்கிறது, பிழையே இல்லை, அதனால் எழுதவில்லை என்று முடிவு செய்தேன்.

கருணாகரனிடம் பெருமையாகச் சொன்னேன். மனிதர் சப்பாத்தி திரட்டிக்கொண்டே, "எங்க கம்பெனில நூறு மோட்டார்ல ஒண்ணுகூட ரிஜெக்ட் ஆகலைன்னா நான் மோட்டாரப் பாக்க மாட்டேன். மொதல்ல மீட்டரத்தான் பாப்பேன்" என்றார்.

பெண்டாட்டி ஒரு காரியம் உருப்படியாகச் செய்தால் பொறுக்காது. சப்பாத்தி கோணல்.

பிப்ரவரி 13, வெள்ளி

கட்டுப்பாட்டு அறைக்கு அறிக்கை அனுப்பினோம். "எட்டு நாள் சோதனையில் பிழை ஒன்றுமில்லை. 20ஆம் தேதி பழைய சர்வீஸ் நிறுத்தப்படும்." கீழே என் பெயர், சௌந்தரவல்லி. மூன்று முறை படித்துப் பார்த்துத்தான் அனுப்பினேன்.

பிப்ரவரி 16, திங்கள்

கை ஓடவில்லை. இருந்தாலும் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் வீட்டிலிருந்தே வேலை செய்தேன். சூலூரில் ஒரு சின்ன மாற்றம் செய்துவிட்டு, மறுபடி ஏற்றுவதற்காக அதை நிறுத்தினேன். மூன்று பிரதிகளும் பூஜ்யம். அப்போது பதினொன்றரை. அந்த நேரம் பார்த்து போன்.

"மேடம், சிலிண்டருங். கீழ நிக்கிறேன். லிஃப்ட்டு ஓடலீங்களே, மூணாவது மாடி என்னால ஆகாதுங்."

இறங்கினேன். வாட்ச்மேனைப் பிடித்து, அவர் வேறொருவரைப் பிடித்து, சிலிண்டர் மேலே வந்து சேர்வதற்குள் இரண்டாவது மாடி அம்மாள் என்னை நிறுத்திவைத்துத் தன் மருமகளைப் பற்றி முழுக் கதையும் சொல்லி முடித்தார். சூலூரை மறந்தே போனேன். திரும்ப வந்து உட்கார்ந்தபோது பன்னிரண்டரை. இத்ரீஸின் செய்தி காத்திருந்தது. "அக்கா, இன்னைய ரவுண்டும் முடிஞ்சுது. 64க்கு 64."

'நன்றி' என்று தட்டினேன். தட்டிவிட்டு மேலே பார்த்தேன். சூலூர், பூஜ்யம்.

போன் போட்டேன்.

"இத்ரீஸ், எப்ப ஓட்டுனீங்க?"

"இப்பத்தாங்கக்கா. பதினொண்ணே முக்காலுக்கு ஆரம்பிச்சேன்."

"சூலூர் ஓடலையே."

"ஓடுதேங்க்கா. எல்லாம் தேறியிருக்குல்ல?"

"ஓடலைங்கறேன். நான்தான் பதினொண்ணரைக்கே நிறுத்தினேன். இன்னும் நின்னுட்டுத்தான் இருக்குது."

இத்ரீஸ் மெதுவாகக் கேட்டார்.

"அப்ப யாருக்கா பதில் சொன்னது?"

பார்த்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். கண்டுபிடிக்க இருபது நிமிடம்கூட ஆகவில்லை. சூலூருக்கு என்று வரும் வேலையை எந்தப் பெயர் ஒட்டிய கன்டெய்னருக்கு அனுப்ப வேண்டும் என்று தளத்துக்குச் சொல்லும் ஒரு வரி இருக்கிறது. அதில் லேபிள் உக்கடம் என்றே கிடந்தது. நூற்றுப் பதின்மூன்று இடத்தில் நான் மாற்றாமல் விட்ட ஒரே இடம். சூலூர் என்று போர்டு மாட்டிய இடத்தில் ஆட்களை ஏற்றி உக்கடத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறோம். என் சூலூர் ஒரு நாள்கூட ஒரு வேலையும் செய்யவில்லை. "இருக்கேன், இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தது.

வெள்ளிக்கிழமை உக்கடத்தை நிறுத்தப்போகிறோம். நிறுத்தியிருந்தால்?

பிப்ரவரி 17, செவ்வாய்

மாவு அரைத்தேன். துணி மடித்தேன். அலமாரியில் பழைய மருந்துகளை எடுத்துப் போட்டேன். உடம்பு சரியில்லை என்று லீவு சொல்லியிருந்தேன்.

ஒரே ஒரு சொல். மாற்றிவிட்டால் யாருக்கும் தெரியாது. இத்ரீஸ் இரண்டு முறை கூப்பிட்டார். எடுக்கவில்லை.

பிப்ரவரி 18, புதன்

மாற்றத்தான் செய்தேன். யாரிடமும் சொல்லாமல், காலை ஏழு மணிக்கு, என்னுடைய தனிப் பிரதியில் அந்த ஒரு சொல்லை மாற்றி இத்ரீஸின் சோதனைகளை நானே ஓட்டினேன். மறைக்கும் எண்ணம்தான். எழுதாமல் விட்டால் இந்த நோட்டு எதற்கு? எல்லாம் தேறினால் வாயை மூடிக்கொண்டிருப்பது என்று இருந்தேன்.

அறுபத்து நான்கில் இருபத்திரண்டு தோல்வி.

இது வெள்ளிக்கிழமை போய் உட்கார்ந்திருக்கும் அந்த அறையில். நேரே ஆபீசுக்குக் கிளம்பிவிட்டேன். தலைகூட வாரவில்லை.

செல்வின் அறைக் கதவைச் சாத்திவிட்டு முழுதும் சொன்னேன். லேபிள், சிலிண்டர், பூஜ்யம், நேற்று போட்ட பொய் லீவு, எல்லாம். அவன் முகம் வெளிறியது.

"நானும்தானக்கா அந்த ஃபைலப் பாத்து சரின்னேன். எனக்கும் கண்ணு அவிஞ்சுல்லா போச்சு."

"லேபிள விட்டது நான்தான், செல்வின்."

"அத யாரு இல்லைங்கா? ஆனா ரிப்போர்ட்டு அனுப்பிட்டமே. எட்டு நாளு பிழையே இல்லன்னு எழுதிக் குடுத்துட்டமே! உக்கடத்த நிறுத்துறத நான் ஒரு வாரம் தள்ளி வைக்கேன், மேல யார் கால்ல விழுந்தாவது. அங்க நேர்ல போயி சொல்லிருங்க."

"இத்ரீஸ் போகட்டுமே. அவருக்கு அங்க எல்லாரையும் தெரியும்."

செல்வினுக்குக் கோபம் வந்து நான் பார்த்ததே இல்லை. இன்று பார்த்தேன். "எட்டு மாசமா அவரத்தான அனுப்புதிய? அவுங்க போன் பண்ணா மீட்டிங்ல இருக்கேங்கிய. ரிப்போர்ட்டுல யாரு பேரு போட்டிருக்கு? நீங்கதான் போகணும்."

வெளியே வந்ததும் இத்ரீஸிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்கக்கா. ஒண்ணும் ஓடாத சர்வீசுக்கு தினம் மாஷா அல்லாஹ் சொன்னவன் நானு" என்றார். இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்த பிறகுதான் எனக்கு மூச்சு விடவே முடிந்தது.

பிப்ரவரி 19, வியாழன்

போனேன்.

ஆறு நாற்காலி, ஆறு போன், சுவரில் மூன்று தாலுகா வரைபடம். மேற்பார்வையாளர் தேவானை. ஐம்பத்தெட்டு வயதிருக்கும், காதில் ஹெட்செட், அதற்கு மேலே மல்லிகைப்பூ. "நீங்கதான் வல்லி மேடமுங்களா? குரல் மட்டும் ஒரே ஒருக்கா கேட்டிருக்கேன். உக்காருங்க கண்ணு" என்றார்.

சொல்ல வாயெடுப்பதற்குள் மணி அடித்தது. ஆனைமலைப் பக்கம் யாரோ தென்னை மரத்திலிருந்து விழுந்துவிட்டார். "அசைக்காதீங்க சாமி, தண்ணி குடுக்காதீங்க. வண்டி கெளம்பிருச்சு, நீங்க பேசிக்கிட்டே இருங்க" என்று இவர் இங்கிருந்து பதினெட்டு நிமிடம் பேசினார். வண்டி போய்ச் சேர்ந்த பிறகுதான் ஹெட்செட்டைக் கழற்றினார். நான் அவ்வளவு நேரமும் அந்தப் போனின் ஒயரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு சொன்னேன். ஒளிக்காமல் சொன்னேன்.

"அப்ப எட்டு நாளா நல்லா இருக்குதுன்னு நீங்க எழுதிக் குடுத்தது புதுசப் பத்தி இல்ல."

"இல்லீங்க."

"பழசப் பத்தி."

"ஆமாங்க."

"சரி, பழசு நல்லாத்தான் இருக்குதுன்னு தெரிஞ்சுதல்லோ, அதுவரைக்கும் சந்தோசம்" என்று சிரித்தார். சிரித்துவிட்டு முகம் மாறியது. "ஆனா கண்ணு, நாளைக்கு நிறுத்தியிருந்தீங்கன்னா எங்க கதி என்னங்க?"

ஒரு வாரம் தள்ளியிருப்பதையும், கேபிளை நிஜமாகவே பிடுங்கிக் காட்டாமல் பழையதை விடமாட்டோம் என்பதையும் சொன்னேன். அதற்கு நானே வந்து பக்கத்தில் உட்கார வேண்டும் என்றார். சரி என்றேன். எழுந்தபோது, "போன வருசம் சூன் மாசத்துல பாருங்க..." என்று ஆரம்பித்தார்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டேன். அந்த ரோட்டில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு பஸ்.

பிப்ரவரி 20, வெள்ளி

இருபத்திரண்டில் ஆறு சரியாயிற்று. சூலூரின் லாகில் பக்கம் பக்கமாகப் பிழை. இத்ரீஸ் ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டக் காட்ட எனக்கு அப்படி ஒரு நிம்மதி. சர்வீஸ் வேலை செய்கிறது, தப்பாகச் செய்கிறது, ஆனால் செய்கிறது. கேன்டீனில் எல்லோருக்கும் ஜிலேபி வாங்கிக் கொடுத்தேன். எதற்கு என்று கேட்டவர்களிடம் பிழை வந்திருக்கிறது என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

பிப்ரவரி 23, திங்கள்

பாக்கி ஐந்து. கருணாகரனிடம் மீட்டரைப் பார்க்கச் சொன்னது சரிதான் என்று ஒப்புக்கொண்டேன். பாத்திரம் முழுவதையும் அவரே கழுவினார்.

பிப்ரவரி 24, செவ்வாய்

பாக்கி ஒன்று. இது இத்ரீஸின் ஐம்பத்தேழாவது சோதனை. கேபிள் அறுந்து, ஒட்டி, மறுபடி அறுந்தால் சூலூர் குழம்பிப் போய் நிற்கிறது. ஜேசிபிக்காரன் இரண்டு முறை ஒரே இடத்தில் தோண்ட மாட்டானா என்று கேட்டேன். "தோண்டுவான்க்கா" என்றார் இத்ரீஸ்.

பிப்ரவரி 25, புதன்

தேறியது. சூலூரை நிறுத்திவிட்டு ஒரு முறை ஓட்டிப் பார்த்தோம். அறுபத்து நான்கும் தோல்வி. இரண்டு பேரும் கைதட்டினோம்! இனிமேல் எங்கள் டீமில் எந்தப் புது சர்வீஸ் வந்தாலும், முதலில் அதை நிறுத்திவைத்துச் சோதனையை ஓட்ட வேண்டும், எல்லாம் தோற்க வேண்டும் என்று செல்வின் விதி போட்டுவிட்டான்.

பிப்ரவரி 27, வெள்ளி

காலை ஒன்பதரைக்கே கட்டுப்பாட்டு அறையில் இருந்தேன். இத்ரீஸ் கீழே கேபிள் அறையில். செல்வின் ஆபீசில்.

பத்து மணிக்குச் செல்வின் உக்கடத்தை நிறுத்தினான். எட்டு வருடம் ஓடிய சர்வீஸ், பூஜ்யம். இனி சூலூர் மட்டும்தான். ஏதாவது ஆனால் உடனே உக்கடத்தை எழுப்ப அவன் விரல் விசையின் மேலேயே இருந்தது. அழைக்கிறவர்களுக்கு ஆபத்து வரக்கூடாது என்று, சோதனை நடக்கும் பத்து நிமிடத்துக்கு இன்னொரு தனி எண்ணிலும் ஆட்களை உட்கார வைத்திருந்தார் தேவானை.

இத்ரீஸ் தன் சொந்த போனிலிருந்து கட்டுப்பாட்டு அறைக்கு அழைத்தார். நான்தான் ஹெட்செட் மாட்டியிருந்தேன்.

"பேசிக்கிட்டே இருங்க இத்ரீஸ்."

"என்னத்தக்கா பேச? சரி, பிரியாணி. எங்க வீட்டுல ஞாயித்துக்கெழம பிரியாணி. எங்கம்மா சீரகச் சம்பாதான் போடும். இப்ப புடுங்கறேன்க்கா. பிஸ்மில்லாஹ். ஆனா அதுல ஒரு விசயம் என்னன்னா, மத்தவங்க மாதிரி எங்க..."

நின்றது.

ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.

"...முட்டை வெக்க மாட்டாங்க. அக்கா? கேக்குதுங்களா?"

"கேக்குது."

"கேபிளு என் கையிலதான் இருக்குதுக்கா!"

தேவானை என் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். இத்ரீஸ் கேபிளை மாட்டினார், மறுபடி பிடுங்கினார். மறுபடி நான்கு நொடி. மூன்றாவது நாற்காலியில் மணி அடித்தது. கிணத்துக்கடவிலிருந்து ஒரு நிஜ அழைப்பு, கேபிள் இல்லாமல், சூலூர் வழியாக. அதில் இருந்த பெண் எடுத்துப் பேசினாள், வண்டி கிளம்பியது. எதுவும் நடக்காதது போல இருந்தது. எட்டு மாதத்தில் எனக்கு இப்படி லேசாக இருந்ததே இல்லை.

தேவானை டீ கொண்டுவந்தார். இன்று பஸ்ஸைப் பற்றி நான் பேசவில்லை.

"அக்கா, போன ஜூன்ல அந்த நாப்பத்தொரு நிமிசம். மணி அடிக்காமப் போனது என்னாலதான். யாராவது..."

அவர் என்னை அதிசயமாகப் பார்த்தார். "ஏனுங் கண்ணு, அதுதான் அப்பவே எழுதி அனுப்பிச்சனே? அந்த நேரத்துல எந்தெந்த நம்பர்ல இருந்து கூப்பிட்டாங்கன்னு உங்க கம்பெனியிலயே லிஸ்ட்டு வாங்குனேன். ஏழு பேரு. மறுநாளே ஏழு பேர்த்துக்கும் நானே போன் போட்டு, நேர்ல ஆள் உட்டு விசாரிச்சு, உங்க பேருக்குத்தான் மெயில் போட்டேன். பாக்கலீங்களா?"

வந்தது தெரியும். தலைப்பைப் பார்த்தேன். திறக்கவில்லை. இதுவரைக்கும் யாரிடமும் நான் சொன்னதில்லை, அவரிடம் சொன்னேன்.

"அட என்னங்க நீங்க! கோட்டூர்ல பிரசவத்துக்குக் கூப்பிட்ட புள்ள ஆட்டோவுல போயிருச்சு, பொண்ணு பொறந்துச்சு. பாம்பு கடிச்சவரப் பக்கத்து வீட்டுக்காரங்க கார்ல தூக்கிட்டுப் போயிட்டாங்க, பொழச்சுட்டாரு. மூச்சு வாங்குன பெரியவரு லைன் வந்ததும் மறுபடி கூப்பிட்டாரு, நம்ம வண்டியே போச்சு. பைக்குல உழுந்த பையன ரோட்டுல போனவங்க சேத்துட்டாங்க. ரெண்டு பேரு நம்பர தப்பா அடிச்சதுங். கால் ஒடஞ்சவரு ஒருத்தரு மட்டும் ஒரு மணி நேரம் வலியோட கெடந்தாரு பாவம். அவரு எனக்கு இப்பவும் மாசத்துக்கு ஒருக்கா போன் பண்ணித் திட்டுவாரு. நல்ல கால்ல நின்னுட்டு."

எல்லோரும் பார்க்கும்படி அழுதேன். ஓவென்று அழுதேன். தேவானை கொஞ்ச நேரம் விட்டுவிட்டார். அப்புறம், "அழுங்க கண்ணு, நல்லா அழுங்க. அந்த சீட்ட மட்டும் காலி பண்ணிக் குடுத்துட்டு அழுங்க, போன் வரும்" என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஜூன் பத்தொன்பதாம் தேதி மெயிலைத் திறந்தேன். ஏழு பெயர்கள், ஏழு ஊர்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே தேவானை ஒரே சொல்லைத் தட்டியிருந்தார்.

நலம்.